லாரியில் சிபி ஆண்டெனா: முதலில் எர்த், அப்புறம் டியூனிங்

அமெரிக்க நெடுஞ்சாலையில் செமி டிரக் (டிரெய்லர் இழுக்கும் பெரிய லாரி) ஓட்டுபவர்களுக்கு, அருகிலுள்ள வண்டிகளோடு பேச உதவும் சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோவின் 19ஆம் சேனல் இன்றும் கைகொடுக்கிறது. முன்னால் விபத்தா, பாதை அடைப்பா என்று சக ஓட்டுநர்கள் சொல்லும் இடம் அது. சத்தம் தெளிவாக இல்லையென்றால் உடனே ஆண்டெனாவை மாற்றிவிடாதீர்கள். முதலில் எர்த்தை, அதாவது ஆண்டெனா பிராக்கெட்டுக்கும் வண்டியின் உலோக உடலுக்கும் உள்ள மின்தொடர்பைப் பாருங்கள்.

பக்கக் கண்ணாடியின் கம்பியில் பிராக்கெட்டை மாட்டும்போது அடியில் பெயிண்ட் இருந்தால் தொடர்பு கிடைக்காது. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுங்கள். ஃபைபர்கிளாஸ் கேபின் என்றால் பிராக்கெட்டிலிருந்து சேஸிஸுக்கு ஒரு பட்டை ஒயர் கட்டாயம் வேண்டும். ஸ்டட்டை (ஆண்டெனாவைப் பிராக்கெட்டில் பொருத்தும் போல்ட்) சுற்றி வரும் சின்ன நைலான் வாஷரையும் பாருங்கள். அது நசுங்கி ஸ்டட் பிராக்கெட்டில் பட்டால் ஷார்ட்தான். டியூனிங்கின்போது எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் முள் மேலே ஓடிவிடும்.

சரி, இனி டியூனிங். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்திக் கதவுகளை மூடுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (ரேடியோ அனுப்பும் சக்தி ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி; எண் குறைந்தால் நல்லது) ரேடியோவுக்கும் ஆண்டெனா கேபிளுக்கும் நடுவில் இணைத்து, 1ஆம் சேனலிலும் 40ஆம் சேனலிலும் அளவெடுங்கள். 1இல் அதிகம் காட்டினால் ஆண்டெனா குட்டை, நுனியை நீட்டுங்கள். 40இல் அதிகமென்றால் நீளம், குறையுங்கள். ஒவ்வொரு முறையும் துளித்துளியாகத்தான் மாற்ற வேண்டும். 1.5க்குள் வந்தால் அருமை, 2 வரை பரவாயில்லை. இரண்டிலுமே 3ஐத் தாண்டினால் நீளத்தைத் தொடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் எர்த்திலோ கேபிளிலோ இருக்கும். அதைச் சரிசெய்யும்வரை மைக்கை அழுத்த வேண்டாம், ரேடியோவே பழுதாகலாம்.