கார்ப்பரேட் வீடியோவுக்கு கோட்டேஷன்: கைக்காசு கரையும் இடங்கள்

"மூணு நிமிஷ வீடியோ, எவ்வளவு ஆகும்?" என்று கிளையண்ட் போனில் கேட்டதும் ஒரு தொகையைச் சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. நிமிடக் கணக்கில் விலை வைத்தால், அலுவலக அறையில் எம்.டி.யின் பேட்டியை மட்டும் எடுக்கும் மூன்று நிமிடமும், ஓசூரில் ஒன்று, ஸ்ரீபெரும்புதூரில் ஒன்று என இரண்டு ஆலைகளில் அலைந்து எடுக்கும் மூன்று நிமிடமும் ஒரே விலைக்குப் போகும். ஷூட் எத்தனை நாள், எத்தனை ஆட்கள், எடிட்டிங் எத்தனை நாள் என்பது தெரியும்வரை தொகை சொல்லாதீர்கள். வாய்தவறிச் சொன்ன தொகையைப் பிறகு ஏற்றவே முடியாது.

ஆலையில் ஒரு நாள் ஷூட் என்றால் முழு நாள் கிடைக்காது. கேட் பாஸ், கேமரா லென்ஸ்களின் சீரியல் நம்பர் பதிவு, பாதுகாப்பு வகுப்பு, ஹெல்மெட், ஷூ எல்லாம் முடிந்து முதல் ஷாட் வைக்கவே பத்தரை ஆகிவிடும். ஷிஃப்ட் மாறும்போது ஆட்கள் இருக்க மாட்டார்கள். இதையெல்லாம் லொகேஷன் பார்க்கப் போகும்போதே கேட்டுக்கொள்ளாவிட்டால், இரண்டாம் நாள் லைட்மேன் சம்பளமும் பேட்டாவும் வண்டி வாடகையும் உங்கள் தலையில் விழும். லொகேஷன் பார்க்கப் போகும் நாளையும் கோட்டேஷனில் சேர்க்க வேண்டும்.

சொந்தக் கேமராதானே என்று அதற்கு வாடகை போடாமல் விடுபவர்கள் நிறைய. அது ரிப்பேருக்குப் போன வாரத்தில் வெளியில் வாடகைக்கு எடுக்கத்தானே வேண்டும்? ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. இரண்டு கேமராக்களில் நான்கு மணி நேரம் ஓடினால் 360 ஜி.பி.; பேக்கப்போடு 720.

பணம் அதிகம் கரைவது கரெக்‌ஷனில். "இரண்டு கரெக்‌ஷன் இலவசம்" என்று எழுதினால் மட்டும் போதாது; எது கரெக்‌ஷன் என்றும் எழுத வேண்டும். மார்க்கெட்டிங் மேனேஜர் ஓகே சொன்ன ஃபைனலைப் பார்த்துவிட்டு எம்.டி., "பேட்டி கொடுத்தவர் வேலையை விட்டுப் போயிட்டாரே, எடுத்துடுங்க" என்பார். அது கரெக்‌ஷன் அல்ல, புது வேலை. ஸ்கிரிப்ட்டுக்கு மெயிலில் ஒப்புதல் வாங்கிவிட்டு ஷூட்டுக்குப் போங்கள். குரல் பதிவான பிறகு வசனத்தை மாற்றினால் தனிக் கட்டணம். திருத்தங்கள் எல்லாம் ஒரே ஆளிடமிருந்து ஒரே பட்டியலாக வர வேண்டும். இந்தி வெர்ஷன், ரீல்ஸுக்கான செங்குத்து வெர்ஷன், ரா ஃபுட்டேஜ் (எடிட் செய்யாத மூலப் பதிவு) மூன்றுக்கும் தனித்தனி விலை. இந்திக்குக் குரலை மட்டும் மாற்றினால் தீராது. திரையில் வரும் எழுத்தும் காட்சிகளின் நீளமும் மாறும்.

அடுத்தது கணக்கு. செலவு 1,00,000, லாபம் 25 சதவீதம் என்று 1,25,000 போடுகிறார்கள். ஆனால் விற்பனை விலையில் 25,000 என்பது 20 சதவீதம்தான். 25 வேண்டுமானால் செலவை 0.75-ஆல் வகுத்து 1,33,333 போட வேண்டும். இதில் கிளையண்ட் பத்து சதவீதம் குறைக்கச் சொன்னால் தலையாட்டிவிடுவது இன்னும் மோசம். 1,25,000-இல் 12,500 போனால் லாபத்தில் சரிபாதி காலி. விலையைக் குறைத்தால் வேலையையும் குறையுங்கள்: ட்ரோன் வேண்டாம், அல்லது ஒரு லொகேஷன் போதும்.

'ஜி.எஸ்.டி. தனி' என்று எழுதாவிட்டால் அதே 1,25,000-க்குள் 18 சதவீத வரியும் அடங்கிவிடும். கையில் நிற்பது 1,05,932. லாபம் வெறும் 5,932. அதோடு, கிளையண்ட் 60 நாள் கழித்துப் பணம் தந்தாலும், மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் பில் தேதிக்கு அடுத்த மாதம் 20-க்குள் வரியைக் கட்டியாக வேண்டும். அதனால் பாதித் தொகை ஷூட்டுக்கு முன், 30 சதவீதம் ரஃப் கட் (முதல்கட்ட எடிட்) காட்டியதும், மீதி 20 ஃபைனல் ஃபைல் கொடுக்கும் முன். ரஃப் கட்டில் வாட்டர்மார்க் போட்டே அனுப்புங்கள். உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால் அந்த எண்ணை பில்லில் அச்சிடுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை.