சீரீஸ் சர்க்யூட்ல எந்த ரெசிஸ்டர்ல எவ்ளோ வோல்ட் விழும்?

அக்கா பொண்ணு செக் 3 (உயர்நிலை மூணு) படிக்கிறா, ரெசிஸ்டர்கள ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மாட்டுற இந்த சீரீஸ் கணக்கு வந்தாலே ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் பேட்டரியோட முழு 9 வோல்ட்டையும் போட்டு கரண்ட் கண்டுபிடிச்சிட்டு இருந்தா. தப்பு அங்கதான். அந்த 9 வோல்ட் எல்லாருக்கும் சேர்த்து, பிரிச்சுக்கணும்.

சொல்லிப் புரியலன்னு எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற சிம் லிம் டவர் போய் 1, 2.2, 4.7 கிலோ ஓம்னு மூணு ரெசிஸ்டர் வாங்கிட்டு வந்து சாப்பாட்டு மேசையிலயே மாட்டிப் பாத்தோம்.

முதல்ல மூணையும் கூட்டுங்க, 7.9 கிலோ ஓம். பேட்டரி வோல்டேஜ இதால வகுங்க, 9 ÷ 7.9 = 1.139 மில்லி ஆம்பியர். சீரீஸ்ல போறது ஒரே வழிதான், அதனால மூணுலயும் இதே கரண்ட், முதல் ரெசிஸ்டர் தாண்டினதும் கரண்ட் குறைஞ்சிரும்னு நிறைய பிள்ளைங்க நினைக்குது, குறையவே குறையாது. இப்ப அந்தக் கரண்ட்ட ஒவ்வொரு ரெசிஸ்டன்ஸாலயும் பெருக்குங்க: 1.14, 2.51, 5.35 வோல்ட். கூட்டினா 9 வரணும், வரலன்னா எங்கயோ விட்டுட்டீங்க. மில்லி ஆம்பியரையும் கிலோ ஓமையும் அப்படியே பெருக்கினா நேரா வோல்ட்தான் வரும், சும்மா சைபர் போட்டு மாத்திட்டு இருக்காதீங்க.

ஒரே ஒரு ரெசிஸ்டரோட வோல்ட் மட்டும் கேட்டா கரண்ட்டே வேணாம், 9 × 4.7 ÷ 7.9, முடிஞ்சுது. பெரிய ரெசிஸ்டருக்குப் பெரிய பங்கு, இடம் மாத்தி மாட்டினாலும் பங்கு மாறாது.

மல்டிமீட்டர டிசி வோல்ட்ல வச்சு ரெண்டு முனையையும் 4.7 கிலோ ஓமோட ரெண்டு காலுலயும் தொட்டா, 5.6 காட்டுது. "மாமா, கணக்கு தப்பு!"ன்னா. பேட்டரிய அளந்து பாருன்னேன், புது பேட்டரிங்கறதால 9.4 இருந்துச்சு. 9.4 போட்டு அவளே திரும்ப கணக்குப் போட்டா, 5.59! அந்த முகத்த நீங்க பாத்திருக்கணும். தங்கக் கலர் கோடு போட்ட ரெசிஸ்டர் 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதனால சின்ன வித்தியாசத்துக்குப் பதறாதீங்க.

இதெல்லாம் பேட்டரியில மட்டும்தான் பிள்ளைங்களா, சுவத்து பிளக்குல வர்றது 230 வோல்ட், அந்தப் பக்கமே போகாதீங்க.