காரைக்குடிச் சமையலில் கர்ப்பகாலச் சர்க்கரை: என் தட்டில் நான் மாற்றியவை

26-வது வாரத்தில் எனக்குச் சர்க்கரை என்று சொன்னார்கள். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 162. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான். "காலையில சாப்பிட்டுட்டுப் போனதால கூடியிருக்கும் ஆத்தா" என்றார் அப்பத்தா. அப்படியில்லை, இந்தச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. இனிப்பு தின்ற பாவமும் இல்லை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. அதனால் உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

பயத்தில் முதல் வாரம் பாதிப் பட்டினி கிடந்தேன். அது தப்பு. குழந்தை வளர மாவுச்சத்தும் வேண்டும். மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டு, நடுநடுவே சுண்டல், மோர், ஒரு கொய்யா என்று பிரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி படுக்கும் முன் சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளர்.

காலைச் சாப்பாடுதான் கஷ்டம். அந்த நேரத்தில் உடம்பு இன்சுலினுக்குக் குறைவாகவே இணங்கும். எங்கள் வீட்டில் வெள்ளைப் பணியாரம் சுட்ட அன்று, காரச் சட்னியோடு நாலு தின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து, வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் மீட்டரில் 158. மறுநாள் இரண்டு இட்லி, கெட்டியாகப் பருப்புப் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை: 112. அன்றிலிருந்து பணியாரத்தை நிறுத்திவிட்டு, முட்டையைத் தினமும் சேர்த்தேன். எனக்குச் சொன்ன அளவு, வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் 120-க்குள். என்ன சாப்பிட்டோம் என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த நோட்டுதான் டாக்டருக்கு உதவும்.

மதியம் ஒரு கப் சோறு. முதலில் காய், அப்புறம் கோழியோ மீனோ, கடைசியில் சோறு. நம் ஊர்க் குழம்பு நாக்கில் பட்டால் சோறு தன்னால் இழுக்கும், அதனால் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டேன். வெண்டைக்காய் மண்டி, கீரை, வாழைப்பூத் துவட்டல் எல்லாம் நிறையச் சாப்பிடலாம். மண்டியில் வெல்லம் மட்டும் போட வேண்டாம்.

கவுனி அரிசி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "கறுப்பு அரிசி சர்க்கரைக்கு நல்லது" என்று ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள். அரிசி கறுப்பாக இருந்தாலும், நாம் அதில் சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிண்டித்தானே சாப்பிடுகிறோம்? உளுந்து மாவில் கருப்பட்டி போட்டுக் கிண்டும் கும்மாயமும் அப்படித்தான். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எதுவானாலும் ரத்தத்துக்குச் சர்க்கரைதான். வளைகாப்பு அன்று ஒரு வாய் கும்மாயம் தொட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

சாப்பிட்டதும் படுக்காதீர்கள். எங்கள் வீட்டு வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரத்திலேயே பதினைந்து நிமிடம் நடப்பேன். வெயிலும் இல்லை, ஈரத் தரையில் மட்டும் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டேன். நடந்த நாட்களில் எண் நன்றாகவே இறங்கியது. நடக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

இரண்டு வாரம் இப்படி இருந்தும் அளவு இறங்காவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள். எனக்கு வெறும் வயிற்று அளவு அடங்கவேயில்லை, ராத்திரி இன்சுலின் போட்டேன். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகாது. ஊசி போடுகிறவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. கைநடுக்கம், வியர்வை வந்தால் உடனே சர்க்கரை பார்த்து, இறங்கியிருந்தால் குளுக்கோஸ் குடிக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு எனக்கு அளவு இறங்கிவிட்டது. ஆனாலும் லேகியத்தில் கருப்பட்டி இருப்பதால் கேட்டுவிட்டே சாப்பிட்டேன். ஆறு வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும். பிள்ளை வந்த பரபரப்பில் இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம். பிள்ளைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசியும் அப்போதுதான் வரும், அந்த அட்டையிலேயே என் சோதனைத் தேதியையும் எழுதிவைத்தேன்.