புதிய நிரல்மொழிக்குப் பார்சர் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பார்சர் என்பது நிரலின் உரையைப் படித்து அதன் அமைப்பை ஒரு மரமாகத் தரும் பகுதி. சரியாக எழுதிய நிரலை எந்தப் பார்சரும் படித்துவிடும். தவறாக எழுதிய நிரலைக் கண்டதும் என்ன செய்கிறது என்பதில்தான் கருவிகள் வேறுபடுகின்றன. அதனால் வேக ஒப்பீட்டு அட்டவணைகளை முதலில் ஒதுக்கி வையுங்கள். கம்பைலர் எடுக்கும் நேரத்தில் பெரும்பகுதி பொதுவாகப் பார்சிங்குக்குப் போவதில்லை.

கருவியைத் தொடும் முன் உங்கள் மொழியில் முப்பது துண்டு நிரல்கள் எழுதுங்கள். இருபது சரியானவை, பத்து பிழையானவை. பிழையான ஒவ்வொன்றுக்கும் பயனர் பார்க்க வேண்டிய செய்தியையும் வரி எண்ணையும் பக்கத்திலேயே குறியுங்கள். மூடாத அடைப்புக்குறி, மூடாத மேற்கோள், அரைப்புள்ளி விட்டுப்போன வரி ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். சரியானவற்றில் 10 - 3 - 2 (விடை 5, வலமிருந்து சேர்த்தால் 9 ஆகிவிடும்), -2 ^ 2 (4 ஆ, -4 ஆ என்று நீங்களே முடிவெடுக்க வேண்டும்), இரண்டு 'இஃப்'களுக்குப் பின் ஒரே 'எல்ஸ்' வருவது ஆகியவற்றைச் சேருங்கள். எந்தக் கருவியாக இருந்தாலும் இந்த முப்பதும்தான் அதற்குத் தேர்வுத்தாள்.

அடுத்து, பார்சர் தரும் மரத்தை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று பாருங்கள். கம்பைலர் மட்டும் என்றால் கமெண்ட்டையும் இடைவெளியையும் லெக்சரிலேயே (உரையை டோக்கன் என்ற சிறு துண்டுகளாகப் பிரிக்கும் பகுதி) எறிந்துவிடலாம். ஃபார்மேட்டரும் (நிரலைச் சீராக அடுக்கித் தரும் கருவி) வரப்போகிறது என்றால் அவை மரத்தில் இருந்தே ஆக வேண்டும். பின்னால் சேர்க்கலாம் என்று விட்டால் மரத்தின் அமைப்பையே மாற்ற வேண்டிவரும்.

பெரும்பாலான கம்பைலர் திட்டங்களுக்கு எங்கள் பரிந்துரை, கையால் எழுதும் ரிகர்சிவ் டிசென்ட் பார்சர். ஜிசிசி கம்பைலர் தன் சி++ பார்சரை 3.4 பதிப்பில் கையால் எழுதிய பார்சராக மாற்றியது. கோ மொழியின் கம்பைலர் 1.6 பதிப்பில் (2016) யாக் என்ற ஜெனரேட்டரை (இலக்கண விதிகளிலிருந்து பார்சரை உருவாக்கித் தரும் கருவி) கைவிட்டது. ரிகர்சிவ் டிசென்ட்டில் ஒவ்வொரு இலக்கண விதிக்கும் ஒரு ஃபங்ஷன் என்பதால் பிழை நேர்ந்த இடத்தில் என்ன எதிர்பார்த்தோம் என்பது கையிலேயே இருக்கிறது. வேண்டிய செய்தியை அங்கேயே எழுதலாம். கணிதக் கோவைகளுக்கு மட்டும் வான் பிராட் 1973இல் விளக்கிய முறையைச் சேருங்கள். ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் ஓர் எண் கொடுங்கள்: கூட்டலுக்கு 10, பெருக்கலுக்கு 20, அடுக்குக்கு 30. கோவையைப் படிக்கும் ஃபங்ஷன் ஒரு கீழ்வரம்பை வாங்கிக்கொண்டு, அடுத்த ஆபரேட்டரின் எண் அதைவிடப் பெரிதாக இருக்கும்வரை சுற்றும். இடப்புறம் சேரும் ஆபரேட்டர் என்றால் வலப்பக்கத்தைப் படிக்க அதே எண்ணைக் கீழ்வரம்பாக அனுப்புங்கள். வலப்புறம் சேருவது என்றால் ஒன்று குறைத்து அனுப்புங்கள். அவ்வளவுதான், ஐம்பது வரிக்குள் முடியும்.

இதில் தவறுவது இரண்டு இடங்களில். 'கோவை என்பது கோவை + உறுப்பு' என்று விதியை அப்படியே ஃபங்ஷனாக்கினால், ஒரு டோக்கனும் நகராமல் தன்னையே அழைத்து ஸ்டாக் நிரம்பிவிடும். அதைச் சுற்றாக எழுத வேண்டும். மற்றது ஆழம். யாரோ ஒரு லட்சம் திறப்பு அடைப்புக்குறிகளை அனுப்பினால் பார்சர் விழுந்துவிடும். ஆழத்தை எண்ணி, வரம்பு தாண்டினால் பிழை சொல்லுங்கள். கிளாங் கம்பைலரின் இயல்பு வரம்பு 256.

இலக்கணம் இன்னும் மாதாமாதம் மாறிக்கொண்டிருக்கிறது என்றால் பைசன் போன்ற ஜெனரேட்டருக்கு ஒரு பெரிய பலம் உண்டு: இருபொருள் தரும் விதியை அது மோதல் என்று முகத்துக்கு நேரே சொல்லும். கையால் எழுதிய பார்சரோ சத்தமில்லாமல் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போய்விடும். 3.7 பதிப்பு முதல் பைசனால் மோதல் எழும் உள்ளீட்டையே எடுத்துக்காட்டாகக் காட்ட முடியும்; அந்த எச்சரிக்கையை இயக்கிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். ஷிஃப்ட்-ரெட்யூஸ் மோதலில் (அடுத்த டோக்கனை வாங்குவதா, படித்தவற்றை ஒரு விதியாகச் சுருக்குவதா என்ற குழப்பம்) அது இயல்பாக ஷிஃப்டைத் தேர்வதால் 'எல்ஸ்' அருகிலுள்ள 'இஃப்'போடு சேரும். அது நீங்கள் விரும்புவதாக இருந்தாலும் முன்னுரிமை அறிவிப்பால் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நாளை வரும் உண்மையான மோதல் பழைய எச்சரிக்கைகளுக்குள் மறைந்துவிடும். இறுதிப் பார்சர் கையால் எழுதியதாக இருந்தாலும் இலக்கணத்தைச் சரிபார்க்க மட்டும் பைசனை வைத்துக்கொள்வது நல்ல வழி.

ஆன்ட்லர் 4 என்ற ஜெனரேட்டர் நேரடி இடப்புற ரிகர்ஷனை (மேலே கண்டதுபோல் விதி தன்னையே முதலில் அழைப்பது) தானே சமாளிக்கும்; இரண்டு விதிகள் மாறிமாறி ஒன்றையொன்று அழைக்கும் மறைமுக வகையை ஏற்காது. உருவாக்கும் பார்சரோடு அதன் ரன்டைம் நூலகமும் கூடவே வரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

பெக் (PEG) என்பது மாற்று விதிகளை எழுதிய வரிசையிலேயே முயலும் இலக்கண வகை. அதில் மோதலே கிடையாது என்பார்கள். வரிசையில் முதலில் பொருந்தியதை எடுப்பதால் மோதல் மறைகிறது, தீர்வதில்லை. '<' என்பதை '<=' க்கு முன் எழுதினால் இரண்டாவது ஒருபோதும் பொருந்தாது, எச்சரிக்கையும் வராமல் போகலாம். நீளமானதை முன்னால் வையுங்கள். பிழைச் செய்திக்குப் பார்சர் எட்டிய மிகத் தொலைவான இடத்தைக் காட்டுங்கள். 3.9 பதிப்பு முதல் பெக்கைப் பயன்படுத்தும் பைத்தான், தவறான நிரலுக்கென்றே தனி விதிகள் வைத்திருக்கிறது. முதல் ஓட்டம் தோற்றால் மட்டும் அவற்றைச் சேர்த்து மறுபடி ஓட்டுகிறது. பின்பற்றத்தக்க முறை.

எடிட்டரில் வண்ணமிடவும் மடிக்கவும் ட்ரீ-சிட்டர் என்ற பார்சர் கருவி பொருத்தமானது. மாறிய பகுதியை மட்டும் மீண்டும் படிக்கும், பாதி எழுதிய நிரலுக்கும் மரம் தரும். ஆனால் பிழை நேர்ந்த இடத்தைக் காட்டுமே தவிர, காரணத்தைச் சொல்லாது. கம்பைலருக்குத் தனிப் பார்சர் வைத்தால் இலக்கணம் இரண்டு இடத்தில் இருக்கும். அந்த முப்பது துண்டுகளையும் இரண்டிலும் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஓட்டுங்கள்.

லெக்சரை மறந்துவிட வேண்டாம். ஃப்ளெக்ஸ் என்ற லெக்சர் ஜெனரேட்டர் பைட் பைட்டாகப் படிப்பது; யூனிகோட் தெரியாது. பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகத்தில் 'சொல் எழுத்து' என்ற வகுப்பு தமிழின் துணையெழுத்துகளையும் புள்ளியையும் சேர்க்காது, 'எண்' என்ற மாறிப்பெயர் புள்ளிக்கு முன்பே உடையும். பெயர்களுக்கு, எந்த எழுத்துகள் பெயரில் வரலாம் என்று சொல்லும் யூனிகோடின் அடையாளப் பெயர் பண்புகளையே பயன்படுத்துங்கள். உள்தள்ளலால் தொகுதி அமைக்கும் மொழி என்றால் லெக்சர் ஒரு ஸ்டாக்கில் இடைவெளி அளவுகளை வைத்துக்கொண்டு 'உள்ளே', 'வெளியே' டோக்கன்களைத் தானே போட வேண்டும். கோப்பு முடியும்போது மீதமுள்ள 'வெளியே' டோக்கன்கள் அனைத்தையும் வெளியிட மறப்பதே இங்கே வழக்கமாக நேரும் பிழை.