குத்தகை மைதானத்தில் கால்பந்துக் கிளப்: பணம் கேட்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் டிசம்பர் மாதம் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். பிள்ளை பள்ளி விட்டு வந்து, ஏதாவது சாப்பிட்டு, பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்ப 5.30 ஆகும். வேலைக்குப் போன அப்பாவோ அம்மாவோ வந்துதான் கூட்டிப்போக வேண்டுமென்றால் 6 மணி. அதனால் ஒரு வட்டாரத்தில் இருக்கும் எல்லாச் சிறுவர் அணிகளும் ஒரே நேரத்துக்குத்தான் போட்டி போடுகின்றன: வார நாள், மாலை 6 முதல் 9 வரை, விளக்கு எரியும் மைதானம்.

மேற்கு லண்டனில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய விளையாடிய ஓர் அணிக்கு நான் சில வருடங்கள் கணக்கு எழுதினேன். பக்கத்திலேயே ஒரு பெரிய கிளப், உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிற்சி மைதானம் அமைத்திருந்தது. அதில் பொதுப் பணமும் இருந்தது. அங்கே எங்களுக்குக் கிடைத்த நேரம் செவ்வாய்க்கிழமை காலை 10 முதல் மதியம் 3 வரை. எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் அப்போது வகுப்பில் இருப்பார்கள்.

அந்தக் கிளப் எங்களை ஏமாற்றியது என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துப் பார்த்தோம். ‘நியாயமான அளவில் சமூகப் பயன்பாட்டுக்கு அனுமதிக்க வேண்டும்’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. எந்த நாள், எத்தனை மணி, என்ன கட்டணம், யாருக்கு முன்னுரிமை, எதுவும் இல்லை. நான் பார்த்தவரையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். குத்தகை ஒரு கோப்பில், மானியம் இன்னொரு கோப்பில், ஊர்க்காரர்களுக்கான நேரம் யாருடைய கோப்பிலும் இல்லை. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேசாத இடத்தில் பிறகு சண்டைதான் வரும்.

நேரத்தை எழுத்தில் வைப்பது கஷ்டமான வேலை இல்லை. ஸ்போர்ட் இங்கிலாந்து என்ற பொது அமைப்பு சமூகப் பயன்பாட்டு ஒப்பந்தத்துக்கு மாதிரிப் படிவமே வைத்திருக்கிறது. நாள், மணி, கட்டணப் பட்டியல், புக்கிங் செய்யும் முறை, வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்க ஒரு குழு, இவ்வளவுதான். அதில் ‘உச்ச நேரம்’ என்பதைத் தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் ஊருக்குக் கொடுக்கிறோம் என்று ஒரு கிளப் சொல்லலாம். அதில் மாலை 6 முதல் 9 வரை எத்தனை மணி என்று கேட்டால்தான் உண்மை தெரியும். பெண் பிள்ளைகளின் அணிக்கும் மாற்றுத்திறனாளிகள் அணிக்கும் எந்த நேரம் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். மைதானத்தில் ஏற்கெனவே இடம் பிடித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள் அணிகள்தான். எழுதாமல் விட்டால் புதிதாக வருகிறவர்களுக்கு மிஞ்சுவது ராத்திரி 9 மணிதான்.

அடுத்த தவறு இன்னும் மோசமானது, ஏனென்றால் அது கண்ணில் படாது. குத்தகைப் பத்திரத்தில் ‘நிலத்தைக் குத்தகைதாரரின் சொந்தக் கால்பந்துப் பயிற்சிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்; வேறு யாருடனும் பகிரக் கூடாது’ என்று ஒரு வரி இருக்கும். பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதும்போது வக்கீல்கள் வழக்கமாகச் சேர்க்கும் வரி அது. மானியம் கொடுக்கிறவர் ‘வெளி அணிகளுக்குத் திறந்துவிடு’ என்கிறார். அதன்படி திறந்துவிட்டால் நில உரிமையாளரிடம் போட்ட குத்தகையை மீறியதாகிறது. திறக்காவிட்டால் மானிய நிபந்தனையை மீறியதாகிறது, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இந்த வரியை மாற்றி வாங்க வேண்டும். மணிக்கணக்கில் வாடகைக்கு விட அனுமதி உண்டு என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். பணம் வந்த பிறகு மாற்றித் தரச் சொன்னால் நில உரிமையாளர் அதற்கும் ஒரு விலை சொல்வார்.

சரி, எத்தனை வருடக் குத்தகை? இங்கிலாந்தில் அடிமட்டக் கால்பந்துக்குப் பணம் கொடுப்பதில் முக்கியமானது ஃபுட்பால் ஃபவுண்டேஷன். 2000ஆம் ஆண்டு தொடங்கிய அறக்கட்டளை. பிரீமியர் லீக், கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ., அரசு, மூன்று தரப்பும் பணம் போடுகின்றன. செயற்கைப் புல் மைதானம் போன்ற பெரிய வேலைக்கு அவர்கள் முதலில் கேட்பது நிலத்தின் மேல் உள்ள பிடிமானத்தைத்தான். சொந்த நிலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 25 வருடக் குத்தகை கையில் இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. பல கிளப்புகள் 25 வருடப் பத்திரத்தைப் பெருமையோடு நீட்டுகின்றன. அதன் உள்ளே எங்கோ ‘6 மாத நோட்டீஸ் கொடுத்து நில உரிமையாளர் முடித்துக்கொள்ளலாம்’ என்று இருக்கும். அப்படி ஒரு வரி இருந்தால் பணம் கொடுக்கிறவர் கண்ணில் அது 6 மாதக் குத்தகைதான். இன்னொன்று: 25 வருடக் குத்தகையில் 9 வருடம் ஓடிப்போய் 16தான் மிச்சமிருக்கும். எழுதியதை விட்டுவிட்டு மிச்சத்தைக் கணக்குப் பாருங்கள். 7 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை நிலப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

கையெழுத்துப் போடுவது யார் என்பதில் நடக்கும் குழப்பத்துக்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 2023 மே மாதம் கொச்சி பனம்பிள்ளி நகர் மைதானத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் என்ற தொழில்முறைக் கால்பந்துக் கிளப் 17 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கான ஆள் தேர்வை வைத்திருந்தது. பல மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் பெற்றோரோடு விடிகாலையிலேயே வந்துவிட்டார்கள். கேட்டில் பூட்டு. கிளப் பல மாத வாடகை பாக்கி வைத்திருக்கிறது என்று மாவட்ட விளையாட்டுக் கவுன்சில் தலைவர் சொன்னார். ஒப்பந்தம் எங்களோடு போட்டது, பாக்கி எதுவும் இல்லை என்று மாநில விளையாட்டுக் கவுன்சில் தலைவர் சொன்னார். பெரியவர்கள் பேசி முடித்துக் கதவு திறக்கும்வரை, பையைத் தோளில் மாட்டிய பிள்ளைகள் ரோட்டோரத்தில் நின்றார்கள். இதில் யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. நிலம் யார் பெயரில், வாடகை வாங்கும் அதிகாரம் யாருக்கு, சாவி யார் கையில், இந்த மூன்று கேள்விக்கும் ஒரே பத்திரத்தில் பதில் இருந்திருந்தால் அந்தக் காலை அப்படிப் போயிருக்காது.

கிளப்பின் பக்கத்திலும் இதே கேள்வி உண்டு. இங்கிலாந்தில் பதிவு செய்யாத சங்கமாக நடக்கும் கிளப் தன் பெயரில் குத்தகை எடுக்க முடியாது. டிரஸ்டிகள் பெயரில்தான் எடுக்க வேண்டும். சட்டப்படி அதிகபட்சம் 4 பேர். அந்த நாலு பேரும் யார் என்றால், எப்போதோ கையைத் தூக்கிய நல்ல மனசுக்கார அப்பாக்கள். அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்து அணியை விட்டுப் போயிருப்பார்கள், பத்திரத்தில் அப்பாக்களின் பெயர் அப்படியே இருக்கும். வாடகை நின்றாலோ கட்டடம் இடிந்தாலோ அவர்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நண்பர்களை அந்த நிலைமையில் விடாதீர்கள். குத்தகைக்கு முன்பே கிளப்பைக் கம்பெனியாகவோ, தன் பெயரிலேயே சொத்து வைத்திருக்கக்கூடிய பதிவுபெற்ற அறக்கட்டளையாகவோ மாற்றிவிடுங்கள்.

நிலம் பொதுப் பூங்காவாகவோ பொழுதுபோக்குத் திடலாகவோ இருந்ததா என்று பார்க்காமல் குத்தகை எடுப்பது அடுத்த தவறு. 2023 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஷ்ரூஸ்பரி நகரின் ஒரு திடலைப் பற்றித் தீர்ப்பு சொன்னது. அந்தத் திடலின் ஒரு பகுதியை 2017இல் நகரக் கவுன்சில் வீடு கட்டும் நிறுவனத்துக்கு விற்றிருந்தது. பொதுத் திறந்தவெளியை விற்பதென்றால் உள்ளூர்ப் பத்திரிகையில் அடுத்தடுத்து இரண்டு வாரம் விளம்பரம் கொடுத்து, ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். அதைச் செய்யவில்லை. நிலம் கைமாறினாலும் அதன் மேல் மக்களுக்கு இருந்த உரிமை அழியவில்லை என்று நீதிமன்றம் சொல்லி, வீடு கட்டக் கொடுத்த திட்ட அனுமதியை ரத்து செய்தது. அது விற்பனை வழக்கு. ஆனால் அந்த விளம்பர விதி நீண்ட குத்தகைக்கும் உண்டு. வேலி போட்டு, லட்சக்கணக்கான பவுண்டு செலவழித்த பிறகு, நாயோடு நடக்க வரும் ஒரு பெரியவர் ‘இங்கே நடக்க எனக்கு உரிமை உண்டு’ என்று கோர்ட்டுக்குப் போனால் கிளப் என்ன செய்யும்? அந்த விளம்பரத்தின் பிரதியைக் கவுன்சிலிடம் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தாலும் ஊரின் மனம் வேறு விஷயம். லண்டன் ஈலிங்கில் வாரன் ஃபார்ம் என்ற பெரிய விளையாட்டுத் திடல். குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப்புக்கு அங்கே பயிற்சி மையம் கட்ட 2013இல் கவுன்சில் அனுமதி கொடுத்தது. பேசிய குத்தகை 200 வருடம். ஊருக்கும் மைதானங்கள் கிடைக்கும் என்றார்கள். பக்கத்தில் வாழ்பவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு நிலமும் அவ்வளவு காலத்துக்கு ஒரு தொழில்முறைக் கிளப்பிடம் போவதா என்று கேட்டு, வழக்கும் போராட்டமுமாக வருடங்கள் ஓடின. வழக்குகளில் கிளப் பக்கம் தோற்கவில்லை, ஆனாலும் 2020இல் கிளப் அந்த இடத்தை விட்டுவிட்டு ஹெஸ்டனுக்குப் போய் அங்கே மையம் கட்டி 2023இல் திறந்தது. வாரன் ஃபார்மில் இதற்குள் புல் உயர்ந்து, தரையில் கூடு கட்டும் வானம்பாடிகள் குடியேறிவிட்டன. கால்பந்தை உயிராக நினைக்கிறவன் நான்; இருந்தும் அந்த ஊர்க்காரர்கள் கேட்டது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். 200 வருடம் கேட்கிற கிளப், வரைபடம் போடும் முன்பே அங்கே நடப்பவர்களையும் ஓடுபவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும்.

பணத்துக்கு வருவோம். கட்டுவதற்குக் கிடைக்கும் பணத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். 3ஜி எனப்படும் மூன்றாம் தலைமுறைச் செயற்கைப் புல் விரிப்பு சுமார் 10 வருடம்தான் தாங்கும். அதன் பிறகு மாற்ற மானியம் கிடைக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது. 11 பேர் ஆடும் முழு மைதானத்துக்கு வருடத்துக்கு சுமார் 25,000 பவுண்டை மாற்று நிதியாகத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கச் சொல்வார்கள். முதல் மூன்று வருடம் ஒழுங்காகப் போடுவார்கள். நாலாவது வருடம் கொதிகலன் பழுதாகும், அந்தக் கணக்கிலிருந்து கைமாற்றாக எடுப்பார்கள், அப்புறம் திரும்பி வராது. 9ஆம் வருடம் கோல் எல்லைக்குள் விரிப்பின் தையல் பிரிந்து, கறுப்பு ரப்பர்த் துகள் குவியல் குவியலாகக் கிடக்கும். காலில் மிதித்தால் கீழே கெட்டித்தரை தெரியும். லீக் போட்டிகளுக்கு எஃப்.ஏ. பதிவேட்டில் இருக்க வேண்டுமானால் பொதுவாக 3 வருடத்துக்கு ஒருமுறை தரச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் போட்டிகள் போய்விடும், வருமானமும் கூடவே போய்விடும். அந்த மாற்று நிதிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வெளியிலிருந்து ஒருவரின் கையெழுத்தும் வேண்டும் என்று வைத்தால் பணம் தங்கும்.

பத்திரத்தில் ‘முழுப் பராமரிப்பும் குத்தகைதாரர் பொறுப்பு’ என்று இருந்தால், கையெழுத்துக்கு முன் கட்டடத்தை அதன் நிலையைப் பரிசோதிக்கும் ஒரு சர்வேயரிடம் காட்டி, இன்றைய நிலைமையைப் படத்தோடு பதிந்து இணையுங்கள். இல்லாவிட்டால் 40 வருடமாக ஒழுகும் கூரையும் உங்கள் தலையில்தான்.

வரியிலும் கை சுடும். மைதானத்தை வாடகைக்கு விட்டால் பொதுவாக 20 சதவீத வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி, உண்டு. ஆனால் ஒரு கிளப்போ பள்ளியோ 10 அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகளுக்கு மொத்தமாக எழுத்தில் புக் செய்து, ஒவ்வொரு தடவைக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள், அதிகபட்சம் 14 நாள் இடைவெளி இருந்து, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் வாட் கிடையாது. 60 பவுண்டு மணிக்கட்டணம் 72 ஆகாமல் 60ஆகவே நிற்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூன்று வாரம் விட்டுவிட்டால் அந்தத் தொடர் முறிந்துபோகலாம். புக்கிங் படிவத்தை இதை மனதில் வைத்து எழுதுங்கள், சின்ன அணிகளுக்கு அது பெரிய உதவி. வணிகச் சொத்து வரியிலும், அறக்கட்டளைக்கும் சமூக அமெச்சூர் விளையாட்டுக் கிளப்பாகப் பதிந்தவர்களுக்கும் 80 சதவீதம் தள்ளுபடி உண்டு. பதியாததால் இதை இழக்கும் கிளப்புகள் இன்னும் இருக்கின்றன.

எங்கள் அணியின் கதைக்கு வருகிறேன். அந்தப் பெரிய கிளப் சில வருடம் கழித்து இரண்டாவது மைதானத்துக்கும் விளக்குக் கம்பம் நட விண்ணப்பித்தது. விளக்குக்குத் திட்ட அனுமதி வேண்டும். நாங்கள் எதிர்த்து எழுதவில்லை. விளக்கு வரட்டும், ஆனால் வார நாள் மாலை நேரத்தில் இவ்வளவு மணி வெளி அணிகளுக்கு, இந்தக் கட்டணத்துக்கு என்று நிபந்தனை போடுங்கள் என்று பக்கத்து மூன்று அணிகளோடு சேர்ந்து எழுதினோம். கூடவே இரண்டு பள்ளிகளும் எழுதின. கவுன்சில் அந்த நிபந்தனையைப் போட்டது. புதன்கிழமை 6 முதல் 7.30 வரை பாதி மைதானம் எங்களுக்குக் கிடைத்தது. முதல் புதன்கிழமை 12 வயதுப் பெண் பிள்ளைகள் 14 பேர் வந்தார்கள். கால் மணி நேரம் யாரும் பந்தைத் தொடவில்லை. தலையை அண்ணாந்து அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.