ஈஸ்மெண்ட் ஓடையின் குறுக்கே சாலை: எங்கெல்லாம் தவறு நடக்கிறது

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், பீட்மாண்ட் பகுதியில் பத்து இருபது ஏக்கர் நிலம் விலைக்கு வரும்போது, நடுவே ஒரு சிற்றோடை இருப்பது சாதாரணம். வீடு கட்டத் தோதான மேடு பெரும்பாலும் அக்கரையில்தான் இருக்கும். ஓடையின் இருபுறமும் ஏறக்குறைய ஐம்பது அடிக்கு இளமரங்கள் வரிசையாக நிற்கும். எல்லையில் சிறு பலகைகள் இருக்கும். “ஒரு குழாயைப் போட்டு மண்ணை நிரப்பினால் பாதை தயார்” என்று ஒப்பந்ததாரர் சொல்வார். அந்தப் பலகைகள் கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட்டை, அதாவது ஓடையைக் காக்க நிலத்தின் மேல் பதிவான நிரந்தரக் கட்டுப்பாட்டைக் குறிப்பவை என்றால், அவர் சொன்ன வேலை ஒரு வாரத்தில் முடியலாம். அதன் விளைவு பல ஆண்டுகளுக்கு இழுக்கும்.

தமிழ்நாட்டில் ஓடைப் புறம்போக்கு என்றால் நிலமே அரசுடையது. இங்கே அப்படியில்லை. நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும், வரியும் நீங்கள்தான் கட்டுவீர்கள். ஆனால் அந்தப் பட்டையில் மரம் வெட்டும், மண் கொட்டும், கட்டும் உரிமைகளை முன்னால் இருந்த உரிமையாளர் விற்றிருப்பார் அல்லது கொடையாகக் கொடுத்திருப்பார். அவை இப்போது மாநில அரசிடமோ ஒரு நில அறக்கட்டளையிடமோ இருக்கின்றன. ஈஸ்மெண்ட் ஆளோடு போவதில்லை, நிலத்தோடு போகிறது. எத்தனை கை மாறினாலும் கடைசியில் வாங்கியவரை அது கட்டுப்படுத்தும்.

இந்த ஓடைகள் ஏன் இவ்வளவு கறாராகக் காக்கப்படுகின்றன என்பது தெரியாவிட்டால் மற்ற எதுவும் பிடிபடாது. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவுப்படி, ஓடையில் மண் கொட்ட அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும். நெடுஞ்சாலைக்காகவோ வணிக வளாகத்துக்காகவோ ஓர் ஓடை அழிகிறது என்றால், அதற்கு ஈடாக வேறோர் ஓடையைச் சீரமைத்து நிரந்தரமாகக் காக்க வேண்டும். 2008இல் வந்த ஈடுசெய் விதி இதை நாடு முழுவதற்கும் ஒரே ஒழுங்கில் கொண்டுவந்தது. ஆகவே உங்கள் நிலத்தில் ஓடுவது, எங்கோ புதைந்துபோன ஓர் ஓடையின் கணக்கைத் தீர்க்க வந்த ஓடையாக இருக்கலாம். அதில் நூறடியைக் கெடுத்தால் தீர்ந்த கடன் மறுபடி முளைக்கும்.

பத்திரத்தைப் படித்து வரைபடத்தை விட்டுவிடுவது

வாங்குபவர்கள் கிரயப் பத்திரத்தைப் பார்க்கிறார்கள். “ஈஸ்மெண்ட்டுகளுக்கு உட்பட்டது” என்ற ஒற்றை வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கவுண்டியின் (மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்டம் போன்ற பிரிவு) பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஈஸ்மெண்ட் ஆவணம் தனியாகவும் அதன் சர்வே வரைபடம் தனியாகவும் பதிவாகியிருக்கும். இரண்டையும் எடுத்து அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

தேட வேண்டியது ‘ஒதுக்கப்பட்ட கடவை’, அதாவது ஓடையைக் கடந்து போகவென விட்டுவைத்த இடம். இது இரண்டு விதமாக வரும். ஒன்று, ஈஸ்மெண்ட்டிலேயே விடப்பட்ட இடைவெளி. பட்டை அந்த இடத்தில் நின்று, சில அடி தள்ளி மறுபடி தொடங்கும். அங்கே ஈஸ்மெண்ட் விதிகள் இல்லை. நீர் அனுமதிகள் மட்டும் வேண்டும். மற்றொன்று உட்கடவை. அது ஈஸ்மெண்ட்டுக்கு உள்ளேயே இருக்கும். கடந்து போக மட்டும் விலக்கு உண்டு, மற்றக் கட்டுப்பாடுகள் அப்படியே நிற்கும். வரைபடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிவதால் குழப்பிக்கொள்பவர்கள் மிக அதிகம். கோடுகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆவணத்தின் சொற்களைப் பாருங்கள்.

அடுத்தது நோக்கம். மாடுகளும் டிராக்டரும் கடப்பதற்கென எழுதப்பட்ட கடவையை எட்டு வீட்டு மனைகளுக்கான தெருவாக மாற்ற முடியாது. அதைப் பொதுச்சாலையாகக் கவுண்டிக்கோ மாநிலத்துக்கோ எழுதிக்கொடுப்பதும் ஈஸ்மெண்ட்டின் மேல் புதிய உரிமை ஒன்றை ஏற்றுவதாகும். மின்கம்பி, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், இணையக் கம்பி ஆகியவையும் அப்படித்தான். “சாலைக்கு அனுமதி இருக்கிறதே, அதன் ஓரமாகப் போகட்டும்” என்பது செல்லாது. ஓடைப்படுகைக்கு அடியில் துளையிட்டுக் குழாய் கொண்டுபோவதற்கும் ஈஸ்மெண்ட் உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலைக் கேட்டே ஆக வேண்டும்.

அகலத்தைத் தார்ப்பரப்பை வைத்துக் கணக்கிடுவது

கடவை 30 அடி, சாலை 20 அடி, அதனால் தாராளமாகப் பொருந்தும் என்று நினைப்பதுதான் வரைபடத்தில் தெரியாமல் களத்தில் கழுத்தைப் பிடிக்கும் தவறு. கணக்கு இப்படிப் போகும். தார்ப்பரப்பு 20 அடி. இருபுறமும் 2 அடி ஓரம் சேர்த்தால் 24. ஓடைப்படுகையிலிருந்து சாலை மட்டம் 6 அடி உயரம் என்றால், 2க்கு 1 என்ற சரிவில் மண்கரை ஒவ்வொரு பக்கமும் 12 அடி நீளும். அடிவாரத்தில் மொத்தம் 48 அடி. 30 அடிக் கடவையில் இது இருபுறமும் 9 அடி வெளியே போகிறது. அந்த 9 அடி முழுக்க ஈஸ்மெண்ட் மீறல்தான். குழாய் வாயிலுக்குக் கீழே போடும் கல் விரிப்பு, மண் இயந்திரம் திரும்பும் இடம் எல்லாம் இதற்கு மேல்.

பல மாநிலங்கள் பின்பற்றும் பன்னாட்டுத் தீயணைப்பு விதித்தொகுப்பு, தீயணைப்பு வண்டி செல்லும் பாதைக்குத் தடையில்லாத 20 அடி அகலம் கேட்கிறது. அதன் பின்னிணைப்பு 75,000 பவுண்டு எடையைத் தாங்கச் சொல்கிறது. ஆகவே 12 அடி ஒற்றைப்பாதை போதுமா என்பதைக் கவுண்டி தீயணைப்பு அதிகாரியிடம் வரைபடம் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும். அகலம் குறையாது என்றால், இரு முனையிலும் மண்ணைத் தாங்கத் தலைச்சுவரும் அதன் பக்கங்களில் சிறகுச்சுவரும் கட்டி மண்சரிவையே இல்லாமல் செய்யலாம். செலவு கூடும், ஆனால் எல்லைக்குள் நிற்கும். சாலை ஓடையைச் செங்குத்தாகக் கடப்பதும் முக்கியம். 45 டிகிரியில் சாய்ந்து கடந்தால் கடக்கும் நீளம் ஏறக்குறைய 1.4 மடங்காகிவிடும்.

ஒருவர் தலையசைத்ததை எல்லோருடைய சம்மதமாக எடுப்பது

சிறிய சாலைக் கடவைகளுக்குப் பொறியாளர் படையின் நாடுதழுவிய அனுமதி எண் 14 பயன்படும். அலையேற்றம் இல்லாத நீர்நிலையில் ஒவ்வொரு கடவையிலும் அரை ஏக்கர் இழப்பு வரை இது இடம் தருகிறது. பத்தில் ஒரு ஏக்கருக்கு, அதாவது 4,356 சதுர அடிக்கு மேல் போனாலோ சதுப்பு நிலத்தில் மண் விழுந்தாலோ முன்னறிவிப்பு தர வேண்டும். தூய நீர்ச் சட்டத்தின் 401ஆம் பிரிவுப்படி மாநிலம் தரும் நீர்த்தரச் சான்றும் கூடவே வேண்டும். இவை எல்லாம் கையில் இருந்தும் ஈஸ்மெண்ட் மீறலில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அனுமதி என்பது அரசு ஒழுங்குமுறை. ஈஸ்மெண்ட் என்பது சொத்துரிமை. ஒன்று மற்றொன்றை விழுங்காது. அனுமதிக் கடிதத்திலேயே அது சொத்துரிமை எதையும் தருவதில்லை என்று எழுதியிருக்கும்.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம் 2023 மே மாதம் வந்த சாக்கெட் வழக்குத் தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் கூட்டாட்சி நீர்ச் சட்டத்தின் எல்லையைச் சுருக்கியது. மழைக்கு மட்டும் ஓடும் ஓடைகள் பெரும்பாலும் அதற்கு வெளியே போயின. அதனால் ஈஸ்மெண்ட்டும் செத்துவிட்டது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது பதிவான பத்திரம். ஓடை கூட்டாட்சிச் சட்டத்துக்குள் வந்தாலும் வராவிட்டாலும் பத்திரத்தின் சொற்கள் மாறாது. 404ஆம் பிரிவில் பண்ணைச் சாலைகளுக்கு இருக்கும் விலக்கும் அப்படியே. அந்த விலக்குக்கே பதினைந்து செயல்முறை நிபந்தனைகள் உண்டு. அவற்றை எல்லாம் நிறைவேற்றினாலும் ஈஸ்மெண்ட் உரிமையாளரைக் கேட்காமல் இருக்க முடியாது.

“பத்திரத்தைத் திருத்திக்கொள்ளலாம்” என்று நம்பி வாங்குவது

கடவையே ஒதுக்கப்படாத நிலத்தை, பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று வாங்குவதைத் திட்டவட்டமாகத் தவிருங்கள். ஈடுசெய் ஓடைகளின் பத்திரத்தை மாற்றவோ நீக்கவோ முயலும் முன், பொறியாளர் படையின் மாவட்டப் பொறியாளருக்கு 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது 2008 விதி. அது வெறும் தொடக்கம். கடவை விழுங்கும் ஓடை நீளத்துக்குரிய கடன்புள்ளிகள் (சீரமைத்த ஓடைக்குக் கிடைத்து, வேறோர் ஓடையை அழிப்பவருக்கு ஈடாக விற்கப்படுபவை) ஏற்கெனவே விற்றுத் தீர்ந்திருக்கும். அவற்றை வேறிடத்தில் ஈடுகட்டுவது யார், எந்தச் செலவில் என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் யாரும் கையெழுத்திட மாட்டார்கள். வரிச்சலுகை பெற்றுக் கொடையாகத் தந்த ஈஸ்மெண்ட் என்றால் நிலைமை இன்னும் கடினம். நிரந்தரம் என்பதே அந்தச் சலுகையின் அடிப்படை என்பதால், ஒரு தனியாருக்கு வசதி செய்யும் திருத்தத்தை நில அறக்கட்டளைகள் கிட்டத்தட்ட எப்போதும் மறுத்துவிடும்.

தரையைத் தொடாத பாலம் கட்டினால் போதும் என்பதும் தவறான ஆறுதல். பெரும்பாலான ஆவணங்கள் கட்டுமானத்தையும் மரம் வெட்டுவதையும் சேர்த்தே தடுக்கின்றன. பாலத்தின் நிழலில் கரைச்செடிகள் செத்துப்போகும், மண்ணைப் பிடிக்க வேர் இருக்காது. ஆகவே முதலில் பார்க்க வேண்டிய வழி ஓடையைக் கடக்காமல் அக்கரைக்குப் போவது. பக்கத்து நிலத்துக்காரரிடம் பாதை உரிமை வாங்குவது, எல்லையோரமாக நீளமாகச் சுற்றிப் போவது ஆகியவை பார்க்க விலை கூடியவைபோலத் தோன்றும். திருத்தத்துக்கு ஆகும் காலத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் மலிவு.

தண்ணீர் போனால் போதும் என்று குழாயைத் தேர்வது

கடவை உண்டு, ஒப்புதலும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் தவறு பொறியியல் சார்ந்தது. ஓடைக்கு ‘கரைநிறை அகலம்’ என்று ஒன்று உண்டு. ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் கரை விளிம்பைத் தொடும்போது இருக்கும் அகலம் அது. கரைநிறை அகலம் 10 அடி உள்ள ஓடையில் 4 அடிக் குழாயை வைத்தால் என்ன ஆகும்? வெள்ளத்தில் நீர் மேல்பக்கம் தேங்கும். வேகம் குறைந்து மணலும் சரளையும் அங்கேயே படியும். குழாய்க்குள் நெருக்கப்பட்ட நீர் மறுபக்கம் பீய்ச்சியடித்துப் படுகையைத் தோண்டும். சில மழைகளில் குழாய் வாய் அந்தரத்தில் தொங்கும். மீன் மேலேற முடியாது. குழாயே பெயர்ந்துபோனால், அதற்குக் கீழே ஏற்பட்ட பள்ளம் மேல்நோக்கி அரித்துக்கொண்டே போகும். சீரமைப்பின்போது பார்த்துப் பார்த்து வைத்த கல் அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குலையும்.

மாசசூசெட்ஸ் கடவைத் தரநிலை கரைநிறை அகலத்தின் 1.2 மடங்கு திறப்பைக் கேட்கிறது. வேறு மாநிலத்திலும் இதைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்வது நல்லது. 10 அடி ஓடைக்கு 12 அடி. அடிப்பக்கம் திறந்த வளைவுக் கல்வெர்ட் (சாலைக்கு அடியில் நீர் போகும் சிறுபாலம்) இதற்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் இயற்கைப் படுகை அப்படியே இருக்கும். அதன் அஸ்திவாரம் அரிப்பு ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். மூடிய குழாய்தான் என்றால், வட கரோலினா நிபந்தனைப்படி 48 அங்குலம் வரையிலான குழாயை விட்டத்தில் 20 சதவீதமும், அதற்கு மேற்பட்டதை ஓரடியும் படுகைக்குக் கீழே புதைக்க வேண்டும். புதைந்த பகுதி வெள்ளத்தைக் கடத்தாது. 72 அங்குலக் குழாயில் 5 அடிதான் மிஞ்சும். கொள்ளளவுக் கணக்கில் இதைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள்.

மூன்று குழாய்களை ஒரே மட்டத்தில் வரிசையாக வைப்பதும் கூடாது. கோடைநீர் மூன்றாகப் பிரிந்து பாதம் நனையாத ஆழத்துக்கு மெலிந்துவிடும். ஒன்றைப் படுகை மட்டத்தில் வையுங்கள். மற்றவற்றை வெள்ளச்சமவெளி மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். கரை மீறும் நீர் அவற்றின் வழியே போகும். இடம் கூட்டாட்சி வெள்ள வரைபடத்தின் வெள்ளப்பாதைக்குள் வந்தால், நீர்மட்டம் கூடாது என்று பொறியாளர் சான்றளிக்க வேண்டும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் மேற்கு வட கரோலினாவில் ஏராளமான தனியார் பாலங்களையும் கல்வெர்ட்டுகளையும் அடித்துச் சென்றது. அக்கரை வீடுகளுக்கு ஆம்புலன்ஸ்கூடப் போக முடியாத நிலையை நினைத்துத்தான் திறப்பின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

வேலை நடக்கும் வாரத்தில்

எல்லையைச் சர்வேயரைக் கொண்டு மறுபடி குறித்து, ஆரஞ்சு வேலி கட்டிய பிறகே இயந்திரம் இறங்கட்டும். பலகைகளை நம்பாதீர்கள், அவை நகர்ந்திருக்கலாம். ஓடும் நீரில் தோண்டக் கூடாது. மேலும் கீழும் மணல்மூட்டைத் தடுப்பு வைத்து, நீரைப் பம்பு மூலம் வேலையிடத்தைத் தாண்டிக் கடத்திவிட்டு, உலர்ந்த படுகையில் வேலை செய்ய வேண்டும். குழியில் ஊறும் கலங்கல் நீரை வண்டல் வடிகட்டிப் பைக்குள் செலுத்துங்கள். இரண்டாவது பம்பு ஒன்று தளத்தில் தயாராக இருக்கட்டும், நள்ளிரவில் முதல் பம்பு நின்றால் தடுப்பு உடைந்து எல்லா மண்ணும் கீழே போகும். ஈரக் கான்கிரீட் ஓடைநீரைத் தொடவே கூடாது. அதன் காரத்தன்மை மீன்களைக் கொன்றுவிடும். டிரவுட் மீன் ஓடைகளில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பொதுவாக நீருக்குள் வேலைக்குத் தடை உண்டு. திறந்த கரையில் அன்றன்றே விதை தூவித் தென்னைநார்ப் பாய் விரியுங்கள்.

மீறல் ஏற்கெனவே நடந்துவிட்டது தெரிந்தால் வேலையை அந்த நிமிடமே நிறுத்துங்கள். பதற்றத்தில் குழாயைப் பிடுங்குவது இரண்டாவது சேதம், அதற்கும் அனுமதி வேண்டும். திறந்த மண்ணை வைக்கோலால் மூடுங்கள். படங்களோடும் அளவுகளோடும் ஈஸ்மெண்ட் உரிமையாளருக்கு நீங்களே முதலில் எழுதுங்கள். அவர்களின் ஆண்டு ஆய்வில் எப்படியும் அது தெரியவரும். மண்ணை எந்த மட்டத்துக்கு எடுப்பது, எந்த நாட்டுமரங்களை எத்தனை அடி இடைவெளியில் நடுவது, எத்தனை ஆண்டு கண்காணிப்பது என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே இயந்திரத்தை மறுபடி இறக்குங்கள்.