போர்ட்ரெய்ட் பிரிண்ட் மேல கொலாஜ்: கைக்காசைக் கரைக்குற தவறுகள்

முகப் படத்தோட பிரிண்ட் மேல பேப்பர் துண்டுகளை வெட்டி ஒட்டுற கொலாஜ் பத்திப் பேசுறேன்; கோணலா வெட்டாதீங்க, கோந்து வழிய விடாதீங்கன்னு ஆரம்பிக்கப் போறதில்ல, அதெல்லாம் ரெண்டு பேப்பர் வீணானா தானா வந்துடும். ஆனா நாங்க ஒரு காலத்துல பண்ணின அதே கூத்தை புதுசா வர்றவங்க வரிசை மாறாம பண்றதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

இன்க்ஜெட் பிரிண்ட் மேல நேரா ஈரம் வைக்கிறது

இது ஒண்ணுக்குத்தான் இன்னும் எரிச்சல் அடங்கல. வீட்டு இன்க்ஜெட்ல நிறைய டை இங்க்தான், தண்ணில கரையுற சாயம். ஒரு வகுப்புல ஒருத்தங்க பாட்டி முகத்தை ஏ3 சைஸ்ல விலை ஜாஸ்தியான காட்டன் பேப்பர்ல அடிச்சு எடுத்துட்டு வந்தாங்க, சுத்தி காலண்டர் துண்டு, கிழிச்ச போஸ்டர்னு அழகா அடுக்கியாச்சு, நான் அந்தப் பக்கம் போய்த் திரும்புறதுக்குள்ள ஜெல் மீடியத்தை, அதாவது ஒட்டவும் மேல பூசவும் வச்சிருக்குற அக்ரிலிக் பசையை, பிரஷ்ல எடுத்து மேலேர்ந்து கீழ ஒரே இழுப்பு. தலைமுடிக் கருப்பு மெஜந்தாவா பிரிஞ்சு நெத்தி வழியா கண்ணுக்குள்ள இறங்குது, துடைச்சா இன்னும் பரவுது. "வாட்டர்கலர் மாதிரி நல்லாத்தானே இருக்கு"ன்னு பக்கத்து சீட்டுக்காரர் ஆறுதல் வேற.

பிரிண்ட் கடைல பிக்மென்ட் இங்க்ல அடிச்சுத் தரச் சொல்லுங்க, அதுல நிறம் நுண்தூளா இருக்கு, தண்ணில கரையாது. அப்பவும் ஒரு நாள் காயவிட்டு, அக்ரிலிக் வார்னிஷ் ஸ்பிரேயை ஒரு அடி தள்ளிப் பிடிச்சு லேசா ரெண்டு மூணு கோட், ஒண்ணு காய்ஞ்சப்புறம் அடுத்தது. ஜன்னல் திறந்திருக்கட்டும். தெப்பமா அடிச்சா அதுவும் ஈரம்தான். எந்த இங்க்னு கடைக்காரருக்கே தெரியலையா, அதே பேப்பர்ல ஒரு துண்டு அடிச்சு வாங்கி ஈர பட்ஸால தேய்ங்க, பஞ்சுல கலர் ஏறினா அந்தப் பிரிண்ட் வேண்டாம்.

ஜெல் டிரான்ஸ்ஃபர்

பிரிண்டை ஜெல்லால இன்னொரு பரப்புல கவுத்து ஒட்டி, காய்ஞ்சப்புறம் பேப்பரை நனைச்சுத் தேய்ச்சு எடுத்து படத்தை மட்டும் அங்க தங்க வைக்கிறதுதான் இது. படத்தை இடவலமா மிர்ரர் பண்ணிட்டு லேசர் பிரிண்டர்ல அடிங்க. இல்லன்னா வகிடு பக்கம் மாறும், எழுத்து திரும்பி நிக்கும்.

கண்ணு மேல வட்டம்

எல்லாரும் இதையே ஒட்டுறாங்க. முகத்து மேல கலர் வட்டம் வைக்கிறதை அமெரிக்கக் கலைஞர் ஜான் பால்டெஸாரி 1980கள்லயே பண்ணிட்டாரு, முகத்தை மறைச்சா படத்துல மத்த இடத்தைப் பாப்போம்ங்கிற கணக்கு அதுல இருக்கு. உங்க கணக்கு என்ன? பெர்லின்ல கொலாஜ் கலைஞர் ஹன்னா ஹோஹ் 1920கள்லயே வேற முகத்துக் கண்ணை, சைஸ் பொருந்தாம வெட்டிக் கொண்டாந்து ஒட்டினாங்க, அது இன்னிக்கும் உறுத்துது. உங்க வட்டம் உறுத்தல, அவ்ளோதான்.

எடிஷன் நம்பர்

மொத்தம் பத்து பிரிண்ட்ல இது முதலாவதுங்கிற அர்த்தத்துல 1/10னு பென்சில்ல எழுதிட்டு பதினொண்ணாவது அடிக்காதீங்க. ஒவ்வொரு பிரிண்ட்லயும் கையால ஒட்டினது வேறவேறயா இருந்தா, வேரியபிள் எடிஷன்னு நம்பர் பக்கத்துலயே சேத்து எழுதிடுங்க, இல்லன்னா வாங்குறவங்க பக்கத்து வீட்டு காப்பியோட ஒப்பிட்டுப் பாத்துட்டு சண்டைக்கு வருவாங்க.